டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு என்பது ஏன்?

கேள்வி: நான் 38 வயதுப் பெண். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என வந்தது. எண் கூடியிருக்க, தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். இப்போது மறுபடி பரிசோதிக்கலாமா?

பதில்: மருத்துவர் சொன்னது சரிதான். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று, மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘சுரந்து கொடு’ என்று தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதிய அளவு இருந்தால், பிட்யூட்டரியும் அதற்கு மேலிருக்கும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸும் ஏவலைக் குறைத்துக்கொள்ளும், குறைந்தால் கூட்டும். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய எண் 14 ஆகியிருப்பது, சொல்லியும் சுரக்காத தைராய்டை பிட்யூட்டரி விடாமல் அதட்டுவதன் அடையாளம். தைராய்டு ஹார்மோனான டி4 சிறிதளவு குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும் என்பதால்தான் முதலில் இதைப் பார்க்கிறோம். பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஆனால் அது அரிது.

எல்லாச் சுரப்பிகளும் இப்படி மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. சோறு சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையைக் கணையத்தின் பீட்டா செல்கள் தாமே உணர்ந்து இன்சுலினை விடுகின்றன. தெருநாய் துரத்தினால், நரம்பு நேரடியாகத் தூண்ட, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. தைராய்டின் போக்கு நிதானமானது. ரத்தத்திலுள்ள டி4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஆகவே, நீங்கள் விழுங்கும் மாத்திரையின் அளவு ரத்தத்தில் நிலைபெறவும், அதை உணர்ந்து பிட்யூட்டரி தன் ஏவலைத் தணிக்கவும் 6 முதல் 8 வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் அறிக்கை உங்களைக் கலவரப்படுத்துமே தவிர, வேறெதையும் சொல்லாது.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடியுங்கள்; பலருக்கும் பிசகுவது இந்த இடத்தில்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தணிவதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. முடி உதிர்வுக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; சில பரிசோதனை முறைகளில் அது எண்ணையே மாற்றிக் காட்டும். இதற்கிடையில் கருவுற்றிருப்பது தெரியவந்தால் மட்டும் 6 வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்; மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.