சிஸ்டர்மார் வீட்டில் பத்து நாள்

அன்புள்ள அக்கா,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பக்கத்து டிவிஷனில் கத்தோலிக்க மிஷன் சிஸ்டர்மார் மூவர் குடியிருக்கிறார்கள். பின்னேர வகுப்பும் தையல் வகுப்பும் நடத்துகிறார்கள். சித்திரை விடுமுறையில் பத்து நாள் தங்களோடு தங்கி, செபத்திலும் வேலையிலும் கூட இருக்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குப் போக ஆசை. நாங்கள் சைவர்கள், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அப்பா முன்னுக்கு நிற்பவர். "கிறிஸ்து வேதத்தில் சேர்த்துவிடுவார்கள்" என்று அம்மா அழுகிறார். நீங்களும் அப்படி ஒரு வீட்டில் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன செய்தீர்கள்? செபத்துக்குப் போனீர்களா? அவர்கள் வீட்டில் நாமும் நம் வீட்டில் அவர்களும் சாப்பிடுவதில் ஏதும் தடை உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். அவருடைய பயம் சும்மா வந்ததில்லை. 1948இல் ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள், யார் இங்கே, யார் அங்கே என்று நம்மை எண்ணிப் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலுக்குப் பேனையும் தாளுமாக யார் வந்தாலும் நம் தாய்மாருக்கு வயிறு கலங்குவது அப்போதிருந்து வருகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மறைபரப்புப் பணி பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. அதன் 13ஆவது பிரிவு, யாரையும் வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதத்தில் சேர்ப்பதைக் கண்டிப்பாகத் தடைசெய்கிறது. அது அவர்களுடைய சட்டம். அந்த வீட்டில் யாராவது அரிசியையோ வேலையையோ காட்டி ஞானஸ்நானம் பேசினால், அன்று பின்னேர பஸ்ஸிலேயே நீங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் தங்கிய பத்து நாளில் அப்படி ஒரு சொல் என் காதில் விழவில்லை.

நான் போனது 2017 ஏப்ரலில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையோரத்து வீடு ஒன்றுக்கு. நான்கு பேர் இருந்தார்கள். மன்னாரைச் சேர்ந்த மூத்த சிஸ்டர், சிலாபத்துச் சிங்களச் சிஸ்டர், தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவர். முதல் இரண்டு நாளும் என்னை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள். கோப்பையும் பீரிஸுமாகத் தேநீர் வரும். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசிப்பேன். அந்த இரண்டு நாளும் எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. மூன்றாம் நாள் குசினிக்குள் போய் வேலை கேட்டேன். மன்னார் சிஸ்டர் ஒரு கட்டு லீக்ஸை என் முன்னால் வைத்தார்.

லீக்ஸ் கழுவுவது நம் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக விரித்து, இடுக்கில் இறுகிக் கிடந்த கறுப்பு மண்ணைப் பெருவிரலால் தள்ளினார். குழாயைத் திறக்கவேயில்லை. ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர்தான் அந்த வீட்டுக்கும் கீழ் லயத்துக்கும். அலசிய தண்ணீர் பீட்ரூட் பாத்திக்குப் போனது. அரை மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் பிறகு என்னிடம் யாரும் பீரிஸ் நீட்டவில்லை. ஆகவே முதல் நாளே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விறகு அடுக்குவதோ, பிள்ளைகளின் கொப்பி திருத்துவதோ, எதுவானாலும் சரி.

செபத்துக்குப் போனேன். விடியற்காலை ஐந்தரைக்குக் காலைப்புகழ். இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்து, திருப்பாடல்களை ஒரு பக்கம் ஓர் அடியும் மறு பக்கம் அடுத்த அடியுமாகச் சொல்வார்கள். சிலாபத்துச் சிஸ்டருக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமம். அதனால் அத்தனை தமிழ்ப் பாடல்களையும் சிங்கள எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ழகரம் வரும் இடங்களில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளில் அவர் குரல் கொஞ்சம் நின்று, நாக்கை மடித்துக்கொண்டு போகும். இந்த நாட்டில் நான் கேட்ட தமிழ்களில் அதை மிக மதிக்கிறேன்.

நீங்களும் போய் உட்காருங்கள். அவர்கள் எழும்போது எழும்புங்கள். மனம் ஒப்பாத வரியில் வாயை மூடிக்கொண்டிருங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள். பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள். அது அவர்கள் நம்பிக்கையின் நடு இடம். மரியாதைக்காகக்கூடப் போய் வாங்கக் கூடாது. இரவுச் செபம் முடிந்தால் விடியும் வரை வீட்டில் பேச்சில்லை. போனையும் அணைத்து வைத்துவிடுங்கள். கம்பளி மேற்சட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னேரங்களில் லயத்துக்குப் போவார்கள், நானும் போவேன். லயத்தில் பிறந்தவள் நான். என்றாலும் அங்கே போனால் எனக்குக் கதிரை போடுவார்கள், நானும் உட்கார்ந்துவிடுவேன். மன்னார் சிஸ்டர் வாசல் படியில் சாக்கை விரித்து உட்காருவார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் படங்கை அவிழ்த்தபடியே அவரிடம் கதைக்கத் தொடங்குவார்கள்: கொழுந்து நிறையில் கழித்த கிலோ, கணக்கில் வராத பேர் (ஒரு நாள் சம்பளம்), குடிக்கிற புருஷன். அவர் புத்தி சொல்லி நான் கேட்கவில்லை. மறுநாள் போகும்போது முதல்நாள் விட்ட இடத்திலிருந்து கேட்பார்.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் யோசேவாஸ் அடிகளார் கதையைச் சொன்னார். கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த 1687இல், வெறுங்காலோடு கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சிறை வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. வீட்டார் விட்டு ஓடிய நோயாளிகளை, எந்த மதம் என்று பாராமல், அவரும் அவருடைய மருமகனும் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே கண்மூடினார்; கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் முப்பாட்டன்மார் கூலிகளாக இந்த மலை ஏறுவதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் ஒருவர் கூலி வேடத்தில் ஏறியிருக்கிறார் என்பது அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14இல் விழுந்தது. சித்திரைப் புத்தாண்டும் அன்றுதான். சிஸ்டர்மார் ஒருசந்தி நோன்பில் இருந்தார்கள். இயேசு மரித்த நாள். லயத்தில் வாசலுக்கு வாசல் கோலம், பால்பொங்கல், பட்டாசு. சிலாபத்துச் சிஸ்டருக்கும் அது சொந்தப் புத்தாண்டுதானே, அவரும் வெறும் வயிற்றோடு இருந்தார். பத்து மணி போல, புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் பதினைந்து இருபது பேர், ஈயத் தட்டுகளில் பொங்கலும் முறுக்கும் பணியாரமும் வாழைப்பழமுமாக வந்து நின்றார்கள். நான் மன்னார் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையாலும் வாங்கினார். பொங்கலையும் பழத்தையும் அங்கேயே பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மற்றதைப் பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடினார். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுத்தார். பின்னேரம் மூன்று மணிக்கு அவர்கள் சிலுவையை முத்தமிட்டபோது கீழே பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

ஞாயிறு காலை, உயிர்ப்புப் பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாக டின்னைத் திறந்தார்கள். மலை ஈரத்தில் முறுக்கு நமுத்துப் போயிருந்தது. ஒன்றுவிடாமல் சாப்பிட்டோம்.

அன்புடன்,
அக்கா