பாட்டி சொன்ன கண்டி அரசர் உறவு

கேள்வி: நம் குடும்பம் கண்டியின் கடைசி அரசர் வழியில் வந்தது என்று என் பாட்டி சொல்வார். இதை உறுதிசெய்ய வழி உண்டா? (வாசகி, வேலூர்)

பதில்: உண்டு. ஆனால் அரசரிடமிருந்து கீழே இறங்காமல், உங்களிடமிருந்து மேலே ஏறிச் செல்லுங்கள். முதலில் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவருக்கும் ‘இன்னார் குமாரர்’ என்று தந்தை பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஒரே தாளில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்.

இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், 1815-இல் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இறக்கும்வரை அங்கேயே காவலில் இருந்தார். அவருடைய நாயக்கர் குல உறவினர் பலரும் நாடு கடத்தப்பட்டவர்கள். ஆகவே, கண்டியிலிருந்து வந்த குடும்பம் என்பது வேறு, அரசரின் நேர் வாரிசு என்பது வேறு. பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலேய அரசு அக்குடும்பத்தாருக்கு உதவித்தொகை வழங்கியது. எனவே, சென்னை மாகாண அரசின் பழைய பதிவுகளைக் காக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், உதவித்தொகை பெற்றவர்களின் பெயரையும் உறவுமுறையையும் தேடுங்கள். அங்கே காணும் பெயர் உங்கள் பத்திரத்திலும் இருந்தால் மட்டுமே உறவை ஏற்கலாம். பெயர் ஒற்றுமை மட்டும் போதாது, ஊரும் தந்தை பெயரும் பொருந்த வேண்டும்.