‘இண்டியன்’, ‘தமிழ்’ போன்ற சொற்களை ஆங்கில வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டுமா?

ஆம், தொடங்கத்தான் வேண்டும். நாட்டினர், இனத்தார், மொழி ஆகியவற்றின் பெயர்களும் அவற்றிலிருந்து பிறக்கும் பெயரடைகளும் ஆங்கில வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். நீங்கள் தமிழ் வழியில் படித்து, இப்போது ஏதேனும் விண்ணப்பத்திலோ தேர்வுக் கட்டுரையிலோ திருத்தம் வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பெரியது, சிறியது என்ற பிரிவே இல்லாத எழுத்தில் படித்து வளர்ந்த நமக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பானது; அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

என் தடுமாற்றம் வேறு வழியில் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். பிரெஞ்சில், ஒரு நாட்டு மனிதரைப் பெயர்ச்சொல்லால் குறிக்கும்போதுதான் பெரிய எழுத்து வரும். ‘பிரெஞ்சுச் சட்டம்’, ‘இந்திய உணவு’ என்று அடையாக வந்தாலும், மொழியின் பெயராக வந்தாலும் சிறிய எழுத்துதான். 1999ஆம் ஆண்டு, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்களை அச்சுக்கோத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்தேன். முதலில் என் மேசைக்கு வந்த ஆங்கில வரலாற்று நூலில் இத்தகைய அடைகள் ஓரிடத்தில் பெரிதாகவும் மற்றோரிடத்தில் சிறிதாகவும் இருந்தன. ஒருமைப்படுத்துவது என் வேலை என்பதால், எனக்குத் தெரிந்த விதிப்படி அத்தனையையும் சிவப்பு மையால் சிறியதாக்கினேன். மேற்பார்வையாளர் அந்தத் தாள்களை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிக் காட்டி, “ஐந்தாம் வகுப்புப் பாடம்கூடத் தெரியாதா?” என்று கேட்டார்; அந்த மாதச் சம்பளத்திலும் பிடித்தம் செய்தார்கள். கவனக்குறைவு என்று அதைச் சொன்னால் நான் இன்றும் ஏற்கமாட்டேன். ஒரு மொழியின் விதியை மற்றொரு மொழியில் செலுத்தியது என் பிழை. ஆனால் பின்பற்ற வேண்டிய நடைக் கையேட்டைக் கண்ணில்கூடக் காட்டாமல் தண்டித்தது அவர்கள் பிழை.

ஒற்றை எழுத்துக்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘நீக்ரோ’ என்பதே ஏற்கப்பட்ட சொல்லாக இருந்த காலத்தில், மற்ற இனப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட செய்தித்தாள்கள் அதை மட்டும் சிறிய எழுத்தில் வைத்திருந்தன. கறுப்பினச் சமூகவியல் அறிஞரான டூ பாய்ஸ், பிலடெல்பியா நகரின் கறுப்பின மக்களைப் பற்றி 1899இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதியதுடன், 80 லட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய எழுத்தைப் பெறும் உரிமை உண்டு என்று தாம் நம்புவதாகவும் குறிப்பிட்டார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை ஏற்றுக்கொண்டது 1930 மார்ச்சில்தான். ‘பிளாக்’ என்ற சொல் இனத்தைக் குறிக்கும்போது பெரிய எழுத்தில் தொடங்கும் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவிப்பதற்கு 2020 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறத்தை மட்டும் குறித்தால் அது இன்றும் சிறிய எழுத்துதான்.

பெரிய எழுத்தே மரியாதை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். ஸ்பானியர்கள் தங்கள் நாட்டினத்தின் பெயரையே சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அது யாருக்கும் இழிவாகப் படுவதில்லை, ஏனெனில் அங்கே எல்லா இனத்தாருக்கும் அதுவே விதி. ஆங்கிலத்தில் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்ததை ஒருவருக்கு மட்டும் மறுத்தபோதுதான் அது இழிவாயிற்று.

2020இல் அந்த மாற்றம் வந்தபோது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த இளம்பெண் காரணம் கேட்டாள். டூ பாய்ஸிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் விளக்கினேன். இப்போதெல்லாம் பிறர் தாளில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், அதற்கான விதியை ஓரத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டே பக்கத்தைப் புரட்டுகிறேன்.