செம்பரம்பாக்கம் திறந்தால் எப்போது கிளம்புவது?

கேள்வி: மணப்பாக்கத்தில் அடையாற்றை ஒட்டிய தெருவில், தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். மாமியாருக்கு நடக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை கனஅடி திறந்தால் கிளம்ப வேண்டும்?

பதில்: அந்த ஒரு எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் அந்தத் தண்ணீரும் அடையாற்றுக்குத்தான் வரும். ஏரி நிரம்பியதும் கலங்கல் (உபரிநீர் தானாக வழியும் இடம்) தாண்டும் தண்ணீரை யாரும் திறந்துவிடுவதில்லை. அதனால் செம்பரம்பாக்கத்தின் திறப்புக் கணக்கில் அது ஏறாது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றோடு சேர்கிறது. ஆகவே ஷட்டர் மூடியிருக்கும்போதே உங்கள் தெருவில் தண்ணீர் ஏறலாம். நுங்கம்பாக்கத்து மழை அளவைவிடத் தாம்பரம் மழை அளவுதான் உங்களுக்கு முக்கியம்.

அடுத்து செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. எல்லோரும் அடியைப் பார்க்கிறார்கள். நான் நீர்வரத்தைப் பார்க்கச் சொல்வேன். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி நிலவரத்தில் இருப்பு, வரத்து இரண்டும் இருக்கும். ஏரியில் இன்னும் 360 மில்லியன் கனஅடிக்கு இடம் இருக்கிறது, வரத்து விநாடிக்கு 5,000 கனஅடி என்று வையுங்கள். வகுத்தால் 72,000 விநாடி, அதாவது 20 மணி நேரம். வரத்து இரண்டு மடங்கானால் 10 மணி நேரம்தான். அதற்குமேல் வருவதை வெளியேற்றியே ஆக வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று 29,000 கனஅடி திறக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணே நல்ல அளவுகோல். மழைக்கு முன்பே, கரையில் நின்றபடி பக்கத்துப் பாலத்தூணில் ஒரு அடையாளத்தைப் பார்த்து வையுங்கள். எந்த மட்டத்தில் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று பழைய குடித்தனக்காரர்களிடம் கேளுங்கள். மழை நின்ற பிறகும் மட்டம் ஏறுகிறதென்றால் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்காரர்கள் பட்டினப்பாக்கம் முகத்துவாரத்தில் கடல் ஏறும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியில் வடிவது தாமதமாகும்.

ஏரி நிரம்பக் கணக்குப் போட்ட நேரம் 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டாலோ, தாம்பரம் பக்கம் கனமழை விடாமல் பெய்தாலோ, வெளிச்சம் இருக்கும்போதே மாமியாரை உறவினர் வீட்டு மாடிக்கு அழைத்துப் போய்விடுங்கள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டால் ஆட்டோ உள்ளே வராது. உதவிக்கு மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.