கால்நடை கேள்வி பதில்: குதிரையை வண்டியில் ஏற்றிவரும்போது

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் மூன்று வயதுக் குதிரை ஒன்றை வாங்கி, மினி லாரியில் ஊருக்குக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படிக் கொண்டுவந்த குதிரை, சிறு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு, பிறகு இறந்துவிட்டது. வழியில் விழுந்துவிடக் கூடாதென்று தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். எங்கே தவறு நேர்ந்திருக்கும்?
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நேரில் பார்க்காத குதிரையைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனாலும், தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டியதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் எனக்கு நுரையீரலின் நினைவுதான் வந்தது. குதிரை மேயும் பிராணி. நாளின் பெரும்பகுதி அதன் தலை தரையை நோக்கியே இருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமிகளும் தலை தாழ்ந்திருக்கும்போதுதான் எளிதாக வெளியே வடியும். தலையை உயர்த்திக் கட்டிவைத்தால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் மூச்சுக்குழாயில் கிருமிகள் பெருகுவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அவை நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவும், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தலும் ஏற்படும். பயணம் முடிந்து ஓரிரு நாள் கழித்தே அறிகுறிகள் தெரிவதால், அந்த நோய் வண்டியில் வந்தது என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

அந்தியூரிலிருந்து கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக உங்கள் மாவட்டத்துக்கு வர, நிதானமாக ஓட்டினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே கயிற்றின் நீளத்தை முதலில் கவனியுங்கள். குதிரை தன் மூக்கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே கொண்டுபோக முடிய வேண்டும். ஆனால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டும் அளவுக்குத் தொய்வும் கூடாது. முனையை இழுத்தவுடன் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சாகப் போடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் வண்டியை நிறுத்தி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைத் தரைவரை தாழ்த்தவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். இடையிடையே அரைமணி நேரம் தாழ்த்தவிட்டால் மட்டும் சேர்ந்த கிருமிகள் போய்விடுவதில்லை. அதனால்தான் ஓடும்போதும் கயிறு தளர்வாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். புதிய ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும் என்பதால், அது பழகிய இடத்துத் தண்ணீரையே இரண்டு குடங்களில் எடுத்துவருவது நல்லது.

வெயிலைத் தடுக்க நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிடும் வழக்கம் இருக்கிறது. அது பெருந்தீங்கு. உள்ளே வெப்பமும் சிறுநீரின் காரநெடியும் தேங்கி, ஏற்கெனவே சிரமப்படும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். மேலே மட்டும் மறைத்து, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, மாலையில் புறப்பட்டு இரவில் ஓட்டுங்கள். உலர் தீனியைத் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கிய பிறகு தாழ்வாக வையுங்கள். கொள்ளையும் தவிட்டையும் அன்று குறைத்துவிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே தண்ணீரின்றி உண்ட அடர்தீனி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஊர் சேர்ந்ததும் வேலை எதுவும் வாங்காமல், தரையில் புல் போட்டுத் தலை தாழ்த்தி மேயவிடுங்கள். அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் போனாலோ, தீனியை வெறுத்தாலோ, இருமினாலோ, இருமல் முற்றட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். உங்கள் ஊர்க்காரரின் குதிரையைக்கூட முதல் காய்ச்சலிலேயே காட்டியிருந்தால் காப்பாற்ற வழி இருந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று தேவை. வாங்கும்போதே கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றக்கூடிய கொடிய நோய்.

கேள்வி: என் குதிரை வண்டியில் ஏறவே மறுக்கிறது. மயக்க ஊசி போட்டு ஏற்றலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மருத்துவர் உடனின்றி வேண்டாம். ஓடும் வண்டியில் குதிரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் கால்களை அகட்டித் தன் எடையைத் தாங்கிக்கொண்டே வருகிறது. மயக்கத்தில் அந்தத் திறன் குன்றி, விழுந்தால் எழ முடியாமல் போகும். மயங்கிய குதிரை தலையைத் தொங்கவிட்டாலும் நன்றாக இருமிச் சளியை வெளியேற்றாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, நிறுத்திய வண்டியின் சாய்தளத்தில் நாள்தோறும் தீனி வைத்து, முதல் நாள் இரண்டு கால், பிறகு நான்கு கால் என்று பழக்குங்கள். சாய்தளம் வழுக்காமலும் ஆடாமலும் இருக்க வேண்டும். சாட்டையால் அடித்து ஒருமுறை ஏற்றிவிடலாம். மறுமுறை அது வண்டியைக் கண்ட தூரத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி: இரண்டு குதிரைகளுக்கான டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றும்போது எந்தப் பக்கம் நிறுத்துவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வலப்பக்கம். நம் நாட்டில் இடப்புறம் ஓட்டுவதால், சாலை நடுவிலிருந்து இடது ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். எடை மேட்டுப் பக்கம் இருந்தால் டிரெய்லர் ஓரத்துக்கு இழுக்காது. இரண்டை ஏற்றினாலும் கனமானதை வலப்பக்கமே நிறுத்துங்கள். ஏற்றும்போது பின்தடுப்பைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்த பிறகே தடுப்பைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், கட்டப்பட்ட குதிரை பின்வாங்கி, கயிறு இழுபட்டு மிரண்டு கழுத்தை முறித்துக்கொள்ளக்கூடும். புறப்படுமுன் ரப்பர் விரிப்பைத் தூக்கி அடிப்பலகையையும் பாருங்கள். சிறுநீர் ஊறி உளுத்த பலகை மேலிருந்து பார்த்தால் தெரியாது.