அமெரிக்காவில் உள்நாட்டுப் பொருளைத் தேடி வாங்குவது நாட்டுப்பற்றா, வெளிவேஷமா?

கேள்வி: அமெரிக்கர்கள் உண்மையிலேயே ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று பார்த்துத்தான் பொருள் வாங்குகிறார்களா? வாசலில் கொடி கட்டுவது, உள்நாட்டுப் பொருள் வாங்குவது எல்லாம் நிஜமான நாட்டுப்பற்றா, வெளிவேஷமா? அங்கே குடியேறிய தமிழர்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்:

எல்லாரும் பார்த்து வாங்குவதில்லை. பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், அதில் நம்ம ஊர், அவங்க ஊர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஆனால் திருப்பிப் பார்த்து, எங்கே செய்தது என்று படித்து, நாலு காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்று வாங்குகிற ஒரு கூட்டம் இங்கே நிச்சயம் இருக்கிறது. நான் இருக்கும் ஒஹாயோவில் அது கொஞ்சம் அதிகம். குடியுரிமை வாங்கிய பிறகு நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன். அது வெளிவேஷம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இந்த மாநிலத்து ஊர்கள். இங்கே பல சின்ன ஊர்களுக்கு ஒரே ஒரு தொழிற்சாலைதான் சோறு போட்டது. செலைனா என்ற ஊரில் ஹஃபி சைக்கிள், பிரையனில் எட்ச் அ ஸ்கெட்ச் என்ற பொம்மை (குமிழைத் திருகித் திருகிக் கோடு வரைவோமே, அதுதான்), நார்த் கேன்டனில் ஹூவர் வேக்குவம் கிளீனர். ஹஃபி 1998-ல் செலைனா ஆலையை மூடியது. எட்ச் அ ஸ்கெட்ச் தயாரிப்பு 2000-ஐ ஒட்டிச் சீனாவுக்குப் போனது. ஹூவர் ஆலை 2007-ல் மூடப்பட்டது. ஆலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை, சாப்பாட்டுக் கடை போகும், பள்ளிக்கூடத்துக்கு வரும் வரி குறையும், பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். இதை நேரில் பார்த்தவர்களிடம் ஏன் உள்நாட்டுப் பொருளைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் தேசம், பெருமை என்றெல்லாம் நீட்டி முழக்குவதில்லை. “என் அக்கா அங்கே வேலை பார்த்தாள்” என்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பதிலில் இருக்கிற நாட்டுப்பற்றைத்தான் நான் நம்புகிறேன்.

இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 1760-களிலேயே பிரிட்டிஷ் வரியை எதிர்த்து அந்த நாட்டுத் துணியை வாங்க மாட்டோம் என்று சொல்லி, வீட்டிலேயே நூல் நூற்று உடுத்தியவர்கள் இவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது போட்டிருந்தது கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் நெய்த பழுப்புக் கம்பளித் துணி. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மண்ணிலிருந்து வந்த நமக்கு இதைத் தனியாக விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கொடிக்கு வருகிறேன்.

குடியுரிமைப் பிரமாணம் எடுக்கும் நாளில் கையில் ஒரு சின்னக் கொடி கொடுப்பார்கள். வீட்டு வாசலுக்குப் பெரிய கொடி ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போனபோதுதான் அதிலேயே எத்தனை ரகம் என்று தெரிந்தது. மூன்றடிக்கு ஐந்தடி நைலான் கொடி. மலிவான ரகத்தில் நட்சத்திரமும் பட்டையும் ஒரே துணியில் அச்சடித்திருக்கும், ஒரு கோடைக்குள் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிடும். நல்ல ரகத்தில் நட்சத்திரங்கள் ஐம்பதும் எம்பிராய்டரி, பட்டைகள் பதின்மூன்றும் தனித்தனியாக வெட்டித் தைத்தவை, கம்பத்துப் பக்கம் தடித்த வெள்ளைத் துணியில் பித்தளை வளையங்கள். காற்றில் அடித்து அடித்து முதலில் கிழிவது வெளி ஓரம்தான் என்பதால் அங்கே மட்டும் நாலு வரிசைத் தையல். நான் வாங்கியது ஏனின் கம்பெனிக் கொடி. 1847-லிருந்து கொடி செய்கிறவர்கள், எங்கள் மாநிலத்தில் கோஷாக்டன் என்ற ஊரில் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. அச்சடித்த கொடியைவிட விலை பல மடங்கு, முப்பது டாலர் பக்கம் ஆயிற்று. ஆனால் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தால் யாரோ ஒருவர் மிஷின் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக ஓட்டியது என்று தெரியும்.

அமெரிக்கக் கொடியையே வெளிநாட்டில் செய்து இறக்குமதி செய்வது இங்கே பலருக்கு உறுத்தலான விஷயம். மினசோட்டாவில் வெளிநாட்டில் செய்த அமெரிக்கக் கொடியை விற்கக் கூடாது என்று 2007-லேயே சட்டம் போட்டார்கள். மத்திய அரசு வாங்கும் கொடிகள் முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2024-ல்தான் வந்தது. இவ்வளவு தாமதமானதில் எனக்கு வருத்தம்தான்.

கொடியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு 1942-லிருந்து ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. இரவில் இறக்க வேண்டும், இறக்காவிட்டால் அதன் மேல் வெளிச்சம் விழ வேண்டும், கிழிந்தால் குப்பையில் போடாமல் மரியாதையோடு எரிக்க வேண்டும். அப்படி எரிப்பதற்காக, முன்னாள் ராணுவத்தினரின் சங்கங்களில் வாங்கிக்கொள்கிறார்கள், பழைய கொடி போடுவதற்கென்றே பெட்டி வைத்திருப்பார்கள். நான் இங்கே மிகவும் மதிப்பது ஒன்று உண்டு: இந்த விதிகளை மீறினால் சாதாரண மனிதனுக்குத் தண்டனை கிடையாது. எதிர்ப்பைக் காட்டக் கொடியை எரிப்பதுகூடக் கருத்துச் சுதந்திரம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பள்ளியில் காலையில் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லேயே சொல்லிவிட்டார்கள், அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில். என் மகள் வகுப்பிலும் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைகள் உண்டு, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இவ்வளவு இருந்தும் மழை வரும்போது எதிர்வீட்டு அம்மா குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்து கொடியை இறக்குகிறார் என்றால் அது அவராக விரும்பிச் செய்வது. மே மாதக் கடைசித் திங்களன்று, போரில் இறந்தவர்களின் நினைவு நாளில், கல்லறைத் தோட்டத்தில் சாரணச் சிறுவர்கள் ஒவ்வொரு வீரர் கல்லறைக்கும் சின்னக் கொடி நட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் வெளிவேஷம் என்று சொல்ல வாய் வராது.

அடுத்து கார். உள்நாட்டுப் பொருள் என்ற பேச்சில் பெரிய சண்டையே இங்கேதான்.

என் பக்கத்து வீட்டுக்காரர் மேரிஸ்வில் ஹோண்டா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1982 நவம்பரில் அங்கிருந்துதான் அக்கார்டு கார் வெளிவந்தது, ஜப்பான் கம்பெனி ஒன்று அமெரிக்க மண்ணில் கார் செய்தது அதுதான் முதல் தடவை. அவருடைய அண்ணன் டொலீடோவில் ஜீப் ஆலைக்காரர், தொழிற்சங்கத்தில் ஊறியவர். அண்ணனுக்கு ஹோண்டா என்றாலே அந்நிய வண்டிதான். அந்தக் காலத்தில் கார்த் தொழிலாளர் சங்க அலுவலகங்களில் வெளிநாட்டு வண்டியை இங்கே நிறுத்தாதே என்று பலகையே வைத்திருப்பார்கள், அந்தத் தலைமுறை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு மூலையில் இருக்கும் வண்டியின் நீளமான அடையாள எண்ணை டார்ச் அடித்துக் காட்டினார். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் பொருத்தியது, 2 கனடா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான். அவருடைய அக்கார்டு 1. தெருமுனையில் நின்ற ஃபோர்டு மேவரிக் 3, ஏனென்றால் அது மெக்சிகோவில் ஹெர்மோசியோ என்ற ஊரில் செய்வது. “இதன் கதவை மாட்டியது நானாகக்கூட இருக்கலாம், இதைப் போய் அந்நியம் என்றால் எப்படி?” என்றார். குரலில் கோபமில்லை, வலி இருந்தது.

நான் அவர் பக்கம்தான். லாபம் டோக்கியோவுக்குப் போகிறதே என்று அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு, சங்கம் இல்லாத ஆலை என்ற குறையும் உண்டு. ஆனாலும் வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் படுகிறது. புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1992-ல் போட்ட ஒரு சட்டப்படி, பாகங்களில் எத்தனை சதவீதம் அமெரிக்கா, கனடாவில் செய்தது, எஞ்சின் எந்த நாடு, எங்கே பொருத்தினார்கள் என்று வண்டியில் ஒட்டியாக வேண்டும். விலைச் சீட்டோடு சேர்த்து ஜன்னலில் இருக்கும், யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1982 ஜூனில் டெட்ராய்ட் பக்கம் வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன வம்சாவளி இளைஞரை, கிரைஸ்லர் கார் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவரும் அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். கல்யாணத்துக்குச் சில நாள்தான் இருந்தது. ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஊரெல்லாம் கொதித்த காலம், அது ஜப்பானோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் தலையில் விடிந்தது. நீதிமன்றம் கொடுத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும், ஒருநாள்கூடச் சிறை இல்லை. உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற குரல் வெறுப்பாக மாறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம்மைப் போன்ற முகத்தோடு இங்கே வாழ்கிறவர்கள் அந்தப் பெயரை மறக்கக் கூடாது. அதனால்தான் யாராவது அடுத்த நாட்டுத் தொழிலாளியைத் திட்டிக்கொண்டே ‘நம்ம பொருள்’ என்று பேசினால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

அப்புறம், நடைமுறை விஷயம். ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று மொட்டையாகப் போட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட முழுப் பொருளும் இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. ‘அசெம்பிள்டு’ என்று இருந்தால் பாகங்கள் வெளியிலிருந்து வந்திருக்கலாம். ‘டிசைன்டு’ என்று மட்டும் இருந்தால் வரைந்தது இங்கே, செய்தது வேறெங்கோ. பெட்டியில் கொடிப் படமும் கழுகுப் படமும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, பின்பக்கம் பொடி எழுத்தைத் தேடுங்கள். மோசடியும் நடக்கிறது. தேசபக்தி வாசகங்களோடு டி-ஷர்ட் விற்ற லயன்ஸ் நாட் ஷீப் என்ற கம்பெனி, வெளிநாட்டு லேபிளைக் கிழித்துவிட்டு அமெரிக்க லேபிளைத் தைத்ததற்காக 2022-ல் 2,11,335 டாலர் கட்ட வேண்டியிருந்தது. வில்லியம்ஸ்-சோனோமா என்ற பெரிய வீட்டுப்பொருள் கம்பெனி 2024-ல் கட்டிய அபராதம் 31 லட்சத்து 75 ஆயிரம் டாலர். நாட்டுப்பற்றை வைத்துக் காசு பார்க்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம், விலை பார்த்து வாங்குகிறவர்கள் மேல் துளியும் இல்லை.

நம் வீட்டுச் சமையலறைக்கே ஒன்று சொல்கிறேன். இங்கே பாதித் தமிழர் வீடுகளில் தோசை சுடுவது லாட்ஜ் இரும்புக் கல்லில்தான். டென்னசி மாநிலத்தில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற குட்டி ஊரில் 1896-லிருந்து வார்க்கிறார்கள். விலையும் பெரிதாக இல்லை, எண்ணெய் தேய்த்துப் பழக்கிவிட்டால் பேரப்பிள்ளை காலம் வரை வரும். ஆனால் அதே கம்பெனியின் எனாமல் பூசிய பாத்திரங்களில் பெரும்பாலானவை சீனாவில் செய்தவை. பெயரை நம்பி எடுக்காதீர்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள்.

குடியேறிய தமிழர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டீர்கள், எனக்குக் கஷ்டமான பகுதி அதுதான். என் சித்தப்பா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியப் பொருளுக்கு இங்கே வரி 50 சதவீதம் ஆனபோது, அவன் கம்பெனியில் அமெரிக்க ஆர்டர் அப்படியே நின்றது. தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே வேலை இல்லை என்று போனில் சொன்னான். செலைனாவில் சைக்கிள் ஆலை மூடியபோது அந்த ஊர்க்காரர்கள் பட்டதை இவன் குரலில் கேட்டேன். இந்த நாட்டில் விற்கும் துணிமணியில் 95 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதிதான், எந்தத் தையல் ஆலையையும் காப்பாற்றப் போவதில்லை நான் வாங்காமல் விடும் ஒரு பனியன். அதனால் கொடி, தோசைக்கல், சுத்தியல், கார் என்று இங்கே இன்னும் கைவேலை நடக்கிற பொருள் என்றால் கூடக் கொடுத்து இங்கே செய்ததை வாங்குகிறேன். பனியன், துண்டு, பெட்ஷீட் என்றால் லேபிளில் இந்தியா என்று இருப்பதைத் தேடி எடுக்கிறேன், கரூர்த் துண்டு கண்ணில் பட்டால் இரண்டாக எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, தம்பிக்கு மறுபடி ஆர்டர் வந்ததா என்றுதான் முதலில் கேட்டார்.