நூலக மேசை: எடைக்குப் போடும் முன்

இராமநாதபுரம் கடற்கரையோரக் கிளை நூலகங்களில் 32 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதக் கடிதங்களில் மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அம்மா, எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய தாள்கள் கிடக்கின்றன. பள்ளி ஆண்டு மலர், திருவிழா மலர், மீனவர் சங்க வரவு செலவு அறிக்கை, நாடக நோட்டீஸ் எல்லாம் கலந்து. நாங்கள் நாலு பேர் செல்போனில் படமெடுத்து இணையத்தில் ஏற்றலாம் என்றிருக்கிறோம். எடுத்து முடித்ததும் தாள்களை எடைக்குப் போட்டால் இடமாவது மிச்சம் என்கிறார் ஒருவர். சரிதானா?
*தொண்டி வாசகர்*

தம்பி, எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் பட்டது போதும்.

ஒரு நூலகத்தில் இதே மாதிரி மலர்களை நாங்கள் ஸ்கேன் செய்தோம். ஆயிரத்துக்கு மேல் பக்கம், இரண்டு கோடை விடுமுறை உழைப்பு. எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்கில் போட்டு பீரோவில் வைத்தோம். ‘அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே’ என்று அந்த மலர்களைக் கழிவுப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் அப்போது மறுத்துப் பேசவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்து டிஸ்கைச் செருகினால் அது சுற்றவே இல்லை. தாளும் போயிற்று, படமும் போயிற்று. இன்றும் அந்தப் பச்சை அட்டை மலர் ஒன்று கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்றாவது கடற்கரையை விட்டுத் தள்ளி, மதுரையிலோ சென்னையிலோ இருக்கட்டும். தாள் நூலகத்திலேயே இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். கிளை நூலகர் தாமாக அனுமதி கொடுக்க முடியாது. வாசகர் வட்டத்தின் பெயரில் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள். எந்தத் தாளும் நூலகத்தை விட்டு வெளியே போகாது என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

எதை முதலில் எடுப்பது? அலமாரியில் இருக்கும் பழைய நாவல்களை விடுங்கள். அவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் மரப்பெட்டியில் இருப்பது வேறு எங்கும் இருக்காது. நாடக நோட்டீஸை எந்த நூலகம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது? அதிலும் மலரின் கடைசிப் பக்க விளம்பரங்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கருவாட்டு மண்டி, சங்கு வியாபாரம், ஐஸ் கம்பெனி, இரண்டே இலக்கத்தில் தொலைபேசி எண். ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைத் தலைவர் உரையைவிட அந்த விளம்பரங்கள்தான் சொல்கின்றன.

நம் உப்புக் காற்றில் முதலில் கெடுவது ஸ்டேபிள் பின். துரு பின்னோடு நிற்காது. சுற்றிலும் காசளவு பழுப்பு வட்டம் போட்டு, அந்த இடத்தில் தாள் அப்பளமாக உடையும். பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பக்கம் மடங்கிய இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து தூக்குங்கள். பிறகு அதே துளைகளில் வெள்ளை நூலால் தைக்கலாம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை மழைக்காலத்தில் பிரிக்க முயலாதீர்கள். மாசி பிறந்ததும் தொடங்கினால் நல்லது.

ஜன்னலோரம் மேசை, மேலே கறுப்புத் துணி, ஃபிளாஷ் கூடாது. போனைத் தாங்கியில் பூட்டிப் பக்கத்துக்கு நேர் மேலே நிறுத்துங்கள். கையில் பிடித்தால் பத்தாம் பக்கத்திலேயே கோணும். முதல் படத்தில் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வையுங்கள், மலரின் அளவு பின்னால் தெரியும். வெற்றுப் பக்கம் உட்பட அட்டை முதல் அட்டை வரை எடுக்க வேண்டும். அப்புறம் கோப்பின் பெயர்: ஊர், மலர், ஆண்டு, பக்க எண். 1 என்று போடாமல் 001 என்று போடுங்கள், இல்லாவிட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். சில மலர்களில் ஆண்டுக்குப் பதில் ‘விளம்பி’ என்று மட்டும் இருக்கும். அது 1958-59 ஆகவும் இருக்கலாம், 1898-99 ஆகவும் இருக்கலாம். உள்ளே காமராசர் படம் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குழுப் படங்களைப் பெரியவர்களிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். உச்சிப்புளிப் பக்கம் ஒரு பெரியவரிடம் பள்ளிப் படம் ஒன்றைக் கொடுத்தேன். இடமிருந்து வலமாக விரலை நகர்த்தி ஒவ்வொரு பையன் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முகத்தில் விரல் நின்றுவிட்டது. “இவன் தனுஷ்கோடிக்காரன். 64 புயலுக்கப்புறம் பாக்கவே இல்ல” என்றார். பெயரையும் சொன்னார், எழுதிக்கொண்டேன். அடுத்த ஆண்டு அவர் இல்லை.

எங்கள் வாப்பாவின் வாப்பா வைத்திருந்த அரபுத் தமிழ்க் கிதாபுகள், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய நூல்கள், வீட்டில் இருக்கின்றன. இப்போது யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வெளியே கொடுத்து அனுப்பத் தயக்கம். நாங்களே படமெடுத்து இணையத்தில் போட்டால் உரிமைச் சிக்கல் வருமா?
*கீழக்கரை வாசகி*

வெளியே கொடுக்காததே நல்லது சகோதரி, வீட்டிலேயே எடுங்கள். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு சனவரி முதல் கணக்கு. உங்கள் ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898-ல் மறைந்தவர், அவருடைய நூல்களை ஏற்றத் தடையே இல்லை. ஆசிரியர் பெயரே இல்லாத நூல் என்றால் வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு. நூலகங்களுக்கு 2012 திருத்தத்தில் ஒரு வசதி தந்திருக்கிறார்கள்: தம்மிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் வைத்துக்கொள்வது வேறு, வலையேற்றுவது வேறு.

இந்தக் கிதாபுகளில் பலரும் செய்யும் தவறு பக்க வரிசை. எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால் நூலும் வலப்பக்கம்தான் திறக்கும். நம் பழக்கத்தில் இடமிருந்து எடுத்தால் முழு நூலும் தலைகீழ் வரிசையில் சேரும். கல்லச்சு (கல்லில் எழுதி அச்சிட்ட) நூல்களில் ஓரத்திலும் எழுதியிருப்பார்கள், அதை வெட்டிவிடாதீர்கள். ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை அப்படியே குறித்துப் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் எழுதுங்கள். ஹிஜ்ரி 1300 என்றால் 1882-83. வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரை அழைத்து, தலைப்பையும் முதல் பத்தியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மொழி தமிழ்தானே, காதில் விழுந்தால் உங்களுக்கே புரியும்.

இணையத்தில் ஏற்றிய ஒரு பழைய நூலில் ‘தனுஷ்கோடி’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. புரட்டிப் பார்த்தால் பத்து இடத்தில் இருக்கிறது. ஏன்?
*பாம்பன் வாசகர்*

அங்கே இருப்பது படம், எழுத்து அல்ல. எழுத்துணரி (OCR) என்ற மென்பொருள் கொண்டு படத்தை எழுத்தாக மாற்றினால்தான் தேட முடியும். மாற்றினாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் அது தடுமாறும். லை, னை போன்றவை அப்போது தும்பிக்கை வைத்த ஒரே எழுத்தாக அச்சாயின. றா, னா போன்றவற்றில் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தையே சுழித்துவிடுவார்கள். மனிதர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து என்று வைத்து அப்படித்தான் மெய்ப்புப் பார்க்கிறார்கள். நீங்களும் சேரலாம்.

தேடும்போது இன்னொன்று. பழைய அச்சில் ஊர்ப் பெயர் ஒரே மாதிரி இராது. தநுஷ்கோடி, தனுக்கோடி, தனுசுகோடி என்றும் போட்டுப் பாருங்கள். உங்கள் நூலில் அது எப்படி அச்சாகியிருக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள், அடுத்த இதழில் சேர்க்கிறேன்.